பன்னிரண்டு மணிக்கு ஒரு பெயர்

கடிகார முகத்தில் உள்ள எண்களில் பன்னிரண்டுக்கு மட்டும் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஒன்று முதல் பதினொன்று வரையிலான எந்த மணியோடும் ஏ.எம். என்றோ பி.எம். என்றோ சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு ஐயம் எழுவதில்லை. 9 ஏ.எம். என்றால் அலுவலகம் திறக்கும் வேளை, 9 பி.எம். என்றால் இரவுச் சாப்பாட்டு வேளை. ஆனால் '12 பி.எம்.' என்று எழுதிக் காட்டினால், நன்கு படித்தவர்களும் ஒரு கணம் நிற்கிறார்கள். பகலா, இரவா? பலர் துணிந்து ஒன்றைச் சொல்கிறார்கள். அருகில் இருப்பவர் அதே துணிவோடு மற்றதைச் சொல்கிறார். இதில் அறியாமை என்று எதுவும் இல்லை. அந்த இரண்டு எழுத்துகளின் பிறப்பிலேயே குழப்பம் இருக்கிறது.

இலத்தீன் மொழியில் 'மெரிடியெஸ்' என்றால் நண்பகல். 'ஆன்டே' என்றால் முன். 'போஸ்ட்' என்றால் பின். ஏ.எம். என்பது நண்பகலுக்கு முன், பி.எம். என்பது நண்பகலுக்குப் பின். அவ்வளவுதான் அவற்றின் பொருள். இப்போது நண்பகலையே எடுத்துக்கொள்வோம். அது தனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே நண்பகல் 12 மணிக்கு இரண்டு எழுத்துகளுமே பொருந்தா. நள்ளிரவின் நிலை இதற்கு நேர்மாறு. அது சென்ற நண்பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின். வரும் நண்பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன். ஆகவே அதற்கு இரண்டுமே பொருந்தும். ஒன்றுக்கு எந்தப் பெயரும் இல்லை. மற்றதற்கு இரண்டு பெயர்கள்.

கடிகாரத்தின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. அந்த வட்டத்தில் பன்னிரண்டு என்ற எண் இருக்குமிடம் உண்மையில் சுழியத்தின் இடம். முள் பன்னிரண்டைத் தொட்டதும் எண்ணிக்கை முடிகிறது. அங்கிருந்தே புதிய எண்ணிக்கையும் தொடங்குகிறது. அதனால்தான் பன்னிரண்டரை மணி ஒரு மணிக்கு முன்னால் வருகிறது. வேறு எந்தக் கணக்கிலாவது பன்னிரண்டரை ஒன்றைவிடச் சிறியதாக இருக்குமா? அந்த எண்ணை முடிவு என்று பார்ப்பவர்களுக்கு, 10 ஏ.எம்., 11 ஏ.எம். என்ற வரிசையில் அடுத்து வருவது 12 ஏ.எம்.; அது நண்பகல். தொடக்கம் என்று பார்ப்பவர்களுக்கு, 12 மணி கடந்த முதல் நொடியே பிற்பகல் ஆகிவிடுவதால் நண்பகல் என்பது 12 பி.எம். இரண்டு வழிகளிலும் தர்க்கம் சரியாகவே இருக்கிறது.

அரசுகளே இரண்டு வழிகளிலும் நடந்திருக்கின்றன. ஜப்பான் தன் பழைய நேரக் கணக்கைக் கைவிட்டு மேலைநாட்டு முறைக்கு மாறியபோது, 1872ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணையில் ஓர் அட்டவணை இருந்தது. அதன்படி நண்பகல் என்பது 'முற்பகல் 12 மணி'. நள்ளிரவு என்பது 'பிற்பகல் 12 மணி'. அந்த அட்டவணை நள்ளிரவுக்கு 'முற்பகல் 0 மணி' என்ற இன்னொரு பெயரையும் தந்தது. பன்னிரண்டை முடிவாகக் கொள்ளும் கணக்கு இது. ஆனால் ஜப்பானியக் கடைகளில் விற்கும் எண் கடிகாரங்களில் பல, நண்பகலில் 'பிற்பகல் 12:00' என்று காட்டுகின்றன. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடு 2000ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் நண்பகலை '12 எம்.' என்றும் நள்ளிரவை '12 பி.எம்.' என்றும் எழுதச் சொன்னது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இதை மாற்றி, நண்பகல் 12 பி.எம்., நள்ளிரவு 12 ஏ.எம். என்றது. ஒரே அரசின் ஒரே கையேட்டில், ஒரே குறியீடு ஒரு பதிப்பில் நள்ளிரவையும் அடுத்த பதிப்பில் நண்பகலையும் குறித்திருக்கிறது. அந்நாட்டின் நேரத்தைப் பேணும் தேசியத் தர நிறுவனமோ, இரண்டு குறியீடுகளையுமே பன்னிரண்டு மணிக்குப் பயன்படுத்த வேண்டாம், நண்பகல் என்றும் நள்ளிரவு என்றும் சொல்லாலேயே எழுதுங்கள் என்று அறிவுறுத்துகிறது. இன்று கைபேசிகளும் கணினிகளும் 12 பி.எம். என்பதை நண்பகலாகக் கொள்கின்றன. அதுவே பெருவழக்கு. எனினும் வழக்கு என்பது அறிந்தவர்களுக்கு மட்டுமே உதவும்.

இவ்வளவு நுட்பமாக முன், பின் என்று பிரித்துப் பேசுகிறோமே, அந்த நண்பகலாவது கடிகாரம் சொல்லும் நேரத்தில் வருகிறதா என்றால் அதுவும் இல்லை. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிக் கணிக்கப்படுகிறது. சென்னை அதற்கு மேற்கே, ஏறத்தாழ 80.3 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், சென்னைக்கு நேரான உச்சியைச் சூரியன் கடப்பது சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கு. அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 53 நிமிடம் அளவிலேயே உச்சி வந்துவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிடம் வரை தாமதமாகிறது. எனவே இலத்தீன் பொருளில் பார்த்தால், சென்னையில் பகல் 12 மணி என்பது நவம்பரில் உண்மையாகவே பி.எம்.; பிப்ரவரியில் உண்மையாகவே ஏ.எம். சூரியனைப் பார்த்துப் பிறந்த சொற்கள் சூரியனை விட்டு விலகி நெடுங்காலம் ஆகிவிட்டது.

*

தமிழில் இந்தச் சிக்கல் எழவே இல்லை என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. 'நள்' என்றால் நடு. நள்ளிரவு, நண்பகல் என்ற இரண்டு சொற்களுக்கும் அதுவே வேர். பகலின் நடு, இரவின் நடு. முன்னா பின்னா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. தொல்காப்பியம் சிறுபொழுதுகளைத் திணைகளுக்குப் பகிர்ந்தளிக்கும்போது நண்பகலைப் பாலைக்கும் யாமத்தைக் குறிஞ்சிக்கும் உரியதாக வைத்தது. ஒன்று பிரிவின் பொழுது. மற்றது கூடலின் பொழுது. இவை இரண்டையும் மாற்றி வைத்தால் பாட்டின் பொருளே மாறிவிடும். சங்கப் புலவர் எவருக்கும் இதில் தடுமாற்றம் வந்திருக்க முடியாது.

நாழிகைக் கணக்கிலும் அப்படித்தான். சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயம் வரை அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நண்பகல் ஏறக்குறைய பதினைந்தாம் நாழிகை; நள்ளிரவு ஏறக்குறைய நாற்பத்தைந்தாம் நாழிகை. ஒரு நாளுக்குள் எந்த எண்ணும் இருமுறை வருவதில்லை. கடிகாரம் வந்த பிறகும் நம் பேச்சு வழக்கு இந்தத் தெளிவை விட்டுவிடவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி, ராத்திரி பன்னிரண்டு மணி என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறார்கள். உச்சிப் பொழுதிலும் நடுச்சாமத்திலும் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பிள்ளைகளை அதட்டிய பாட்டிமார்களுக்கு இரண்டு பன்னிரண்டுகளும் தெரியும். இரண்டையும் அஞ்சத்தக்க எல்லைகளாக அவர்கள் கருதினார்கள். ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டதில்லை.

குழப்பம் மொழிபெயர்ப்பின் வழியாகவே உள்ளே வந்தது. ஏ.எம். என்பதை முற்பகல் என்றும் பி.எம். என்பதைப் பிற்பகல் என்றும் அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டோம். தமிழில் அமைக்கப்பட்ட கைபேசிகள் சிலவற்றில், ஊர் உறங்கும் நேரத்தில் 'முற்பகல் 12:30' என்று ஒளிர்வதைக் காணலாம். முற்பகல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோன்றுவது பத்து மணி வெயில். அதற்குள் பகல் என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளின் பொருளை மறந்துவிட்டுப் பயன்படுத்த முடிகிறது. தமிழில் பொருள் கண்முன்னே நிற்கிறது. ஆகவே பிழை இன்னும் உரக்கக் கேட்கிறது.

*

எங்கள் தந்தையார் ஒரு புதன்கிழமை இரவு, பன்னிரண்டு மணி கடந்து இருபது நிமிடத்துக்குக் காலமானார். பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பிள்ளைகளும் அம்மாவும் இருந்தோம். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தை நோக்கி நேரத்தைச் சொன்னார். உடலை எடுத்துச் செல்ல மூன்று மணி ஆயிற்று. மறுநாள் காலை பத்தரை மணிக்கெல்லாம் தகனம் முடிந்துவிட்டது.

மருத்துவமனைகளில் நிரப்பப்படும் இறப்புச் சான்றுப் படிவத்தில் தேதிக்கு ஓர் இடமும் நேரத்துக்கு ஓர் இடமும் உண்டு. நேரத்தின் அருகே ஏ.எம்., பி.எம். என்று அச்சிட்டிருக்கும், வேண்டாததை அடித்துவிட வேண்டும். எங்கள் தந்தையாரின் படிவத்தில் மறுநாள் தேதி சரியாகவே எழுதப்பட்டிருந்தது. 12.20 என்ற நேரமும் சரி. அடிக்கப்பட்டிருந்தது ஏ.எம். அன்று எங்களில் எவருக்கும் அதைப் படித்துப் பார்க்கும் நிலை இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து, சான்றிதழ் வாங்குவதற்காகப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் நடுவயதைக் கடந்தவர். மருத்துவமனைத் தாளையும் மயானத்து ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணனை அருகே அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில், "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. இந்தத் தாளைப் பார்த்தா, அப்பா போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே காரியம் முடிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். எங்களுக்குச் சற்று நேரம் புரியவில்லை. புரிந்தபோது அங்கே நிற்க முடியவில்லை.

மருத்துவமனைக்குத் திரும்பினோம். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் என்ன தவறு என்று கேட்டார். "ஒன்பது பி.எம்., பத்து பி.எம்., பதினொன்று பி.எம். எல்லாம் ராத்திரிதானே சார்? பன்னிரண்டு மட்டும் எப்படிப் பகல் ஆகும்?" என்றார். அவரிடம் ஏளனமோ அலட்சியமோ இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். இரவுப் பணியில் இருந்த மருத்துவரும் அப்படியே எண்ணியிருக்கக்கூடும். அந்த மருத்துவர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். திருத்தக் கடிதம் எங்கள் கைக்கு வர மூன்று வாரங்கள் ஆயின. அதுவரையில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பமும் மேசையைவிட்டு நகரவில்லை.

காகிதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் திதி கொடுப்பதற்கு நாள் குறித்துத் தரும்படி, குடும்பத்துக்கு வழக்கமாகப் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவரிடம் சென்றிருந்தோம். வெளியூரிலிருந்த எங்கள் சித்தப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று மருத்துவமனைத் தாளின் நகலை அவருக்கு முன்பே அனுப்பியிருந்தார். பெரியவர் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "பகலா, ராத்திரியா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி என்றோம். அன்று விடியற்காலையில் சதுர்த்தி முடிந்து பஞ்சமி தொடங்கியிருந்தது. தாளில் உள்ளபடி கணித்திருந்தால், எங்கள் ஆயுள் முழுவதும் தந்தையாருக்குரிய நாளை விட்டுவிட்டு, அவர் இல்லாத ஒரு நாளில் எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருப்போம். ஏ.எம்., பி.எம். என்ற எழுத்துகள் சொல்லத் தவறியதை அவருடைய ஒரு கேள்வி கேட்டுவிட்டது.

எழுத்தர் சொன்னதை அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தோம், முடியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "பன்னெண்டு மணி நேரம் கூட இருந்ததாவா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

*

இன்னொன்றும் அப்போது வெளிப்பட்டது. அப்பா போனது என்றைக்கு என்று கேட்பவர்களிடம் அம்மா புதன்கிழமை ராத்திரி என்றே சொல்வார். சான்றிதழில் வியாழக்கிழமையின் தேதி இருக்கிறது. இரண்டும் சரி. நாள் சூரிய உதயத்தில் மாறுகிறது என்பது அம்மாவின் கணக்கு. நள்ளிரவில் மாறுகிறது என்பது அரசின் கணக்கு. வானியலாளர்களோ 1925ஆம் ஆண்டு வரையில் நாளை நண்பகலில் தொடங்கினார்கள். இரவு முழுவதும் விண்மீன்களை நோக்குகிறவர்களுக்கு நடுவில் தேதி மாறுவது தொல்லை அல்லவா? அவர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண்ணிக்கை இன்றும் நண்பகலில்தான் மாறுகிறது.

ஆகவே இரவு பன்னிரண்டு என்று தெளிவாகச் சொன்னாலும் நள்ளிரவின் சிக்கல் பாதிதான் தீர்கிறது. எந்தத் தேதியின் நள்ளிரவு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 1947இல் அரசியல் நிர்ணய சபை ஆகஸ்ட் 14 இரவு 11 மணிக்குக் கூடியது. பன்னிரண்டு அடித்தபின் உறுதிமொழி ஏற்றது. சட்டப்படி நாடு விடுதலை பெற்றது ஆகஸ்ட் 15. அந்த நள்ளிரவை வரும் நாளோடு சேர்த்தே நாம் நினைவுகூர்கிறோம். 2016இல் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோதோ, 'இன்று, நவம்பர் 8 நள்ளிரவு முதல்' என்றார்கள். அங்கே நள்ளிரவு முடிகிற நாளுக்கு உரியதாயிற்று. இரண்டு வழக்குகளும் நம்மிடையே ஒன்றாக வாழ்கின்றன. மோட்டார் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், இன்ன தேதி 00:00 மணி முதல் இன்ன தேதி நள்ளிரவு வரை என்று இருக்கும். ஒரே வரியில் அதே கணம் தொடக்கமாக வரும்போது ஒரு பெயரும் முடிவாக வரும்போது வேறு பெயரும் பெறுகிறது.

இருபத்துநான்கு மணிக் கணக்கு இந்தத் துன்பத்தைத் தீர்த்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பகல், இரவு குழப்பத்தை அது உறுதியாகத் தீர்க்கும். ரயில்வே துறை அதைத்தான் கடைப்பிடிக்கிறது. ஆயினும் 15ஆம் தேதி 00:10 மணிக்குப் புறப்படும் வண்டிக்குப் பயணச்சீட்டு வாங்கியவர்கள், 15ஆம் தேதி இரவு உணவை முடித்துக்கொண்டு மூட்டை முடிச்சுகளோடு நிலையத்துக்கு வருவது நின்றுவிடவில்லை. வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். இரவை ஒரே துண்டாகக் காண்பதே மனிதரின் இயல்பு. உறங்கி எழாமல் நாள் மாறிவிட்டது என்பதை மனம் ஏற்பதில்லை. காவல்துறை ஆவணங்களில் '14, 15 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவு' என்று எழுதும் பழக்கம் உண்டு. கேட்கச் சற்று நீளமாக இருந்தாலும், அனுபவத்திலிருந்து பிறந்த தெளிவு அதில் இருக்கிறது.

நேரத்தை எழுதுகிறவருக்கு எப்போதும் நேரம் தெரியும். சன்னலுக்கு வெளியே வெயிலோ இருட்டோ அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இளம் மருத்துவருக்கும் அது இரவு என்பதில் ஐயமே இருந்திருக்காது. ஆனால் தாள் அவருக்காக எழுதப்படுவதில்லை. அந்த இடத்தில் இல்லாத ஒருவர், சில நாட்களோ பல ஆண்டுகளோ கழித்து, வேறு எந்தச் சான்றும் இன்றிப் படிப்பதற்காக எழுதப்படுகிறது. அவரிடம் வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை; எழுத்து மட்டுமே இருக்கிறது. வழக்கு எது என்று அவரும் எழுதியவரும் ஒன்றாகவே அறிந்திருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

தீர்வு கடினமானதன்று. படிவங்களில் ஏ.எம்., பி.எம். என்ற எழுத்துகள் இருக்கட்டும். அவற்றின் அருகே பகல், இரவு என்ற இரண்டு சொற்களையும் அச்சிடலாம். ஆறு மணிக்கோ ஒன்பது மணிக்கோ அவை மிகையாகத் தோன்றலாம்; பன்னிரண்டு மணிக்கு அவையே பொருள் தரும். நள்ளிரவானால் இரண்டு தேதிகளையும் குறிக்கலாம்: ஜூன் 30 முடிந்து ஜூலை 1 பிறக்கும் நள்ளிரவு என்று. அறிவிப்புகளில் கடைசி நேரம் சொல்ல வேண்டியிருந்தால் இரவு 11.59 என்றே சொல்லிவிடலாம். பல தேர்வு விண்ணப்பங்களில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எவரேனும் பன்னிரண்டு மணி என்று எழுதினால் முன்னால் பகல் என்றோ இரவு என்றோ சேர்க்காமல் விடுவதில்லை. திருமண அழைப்பிதழானாலும் சரி, பால்காரருக்கு எழுதி ஒட்டும் துண்டுச் சீட்டானாலும் சரி. எங்கள் வீட்டுக் குழந்தைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் அப்படியே எழுதுகிறார்கள்.